போஜனசாலையும் பங்குதாரரும்

பங்கு மார்க்கெட்டில் பணம் போடும் வழக்கம் நமது தேசத்தில் வெகு வேகமாகப் பரவி வருகிறது. பங்குகளைப் பதிந்து வைக்கும் டிமாட் கணக்குகளின் தொகை 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் 10 கோடியைத் தாண்டியது. முன்னெல்லாம் மில்களைப் பற்றியும் பாங்குகளைப் பற்றியுமே பேசிவந்த தரகர்கள் இப்பொழுது உணவுக் கடைகளைப் பற்றியும் பேசுகின்றனர். 2021-ம் வருஷம் ஒன்றில் மட்டும் பார்பிக்யூ நேஷன், தேவயானி இன்டர்நேஷனல், ஸபையர் புட்ஸ் ஆகிய மூன்று உணவுக் கம்பெனிகள் பொது ஜனங்களிடம் பங்கு விற்றன. தாம் உண்டு ருசி கண்ட கடையின் பங்கை வாங்குவதில் மத்தியதர வகுப்பினருக்குத் தனியானதொரு தைரியம் உண்டாகிறது. ஆலைக்குள் நடப்பதை நாம் அறியோம். போஜனசாலையிலோ கூட்டத்தைக் கண்ணால் காண்கிறோம், பண்டத்தை நாவால் சோதிக்கிறோம், விலையைக் கையால் கொடுக்கிறோம். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று அநேகர் எண்ணுகின்றனர்.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஆராய்வதற்கு அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துக் கம்பெனி ஒன்றின் சரித்திரம் நமக்கு நன்கு பயன்படும். அதன் பெயர் லூபீஸ். அது நடத்தியவை காபெடீரியா என்னும் வகையைச் சேர்ந்த போஜனசாலைகள். அந்தக் கம்பெனி வளர்ந்த விதம், தளர்ந்த விதம், கடைசியில் பங்குதாரர்களின் சம்மதத்தின் பேரிலேயே கலைக்கப்பட்ட விதம் ஆகிய மூன்றும், உணவுத் தொழிலில் முதல் போட விரும்புவோர் அனைவரும் ஊன்றிக் கவனிக்கத் தக்கவை.

காபெடீரியா என்பது யாது? வந்தவர் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும். எதிரே நீண்ட மேடையில் கறி வகைகள், மீன், காய்கள், பச்சடிகள், ரொட்டி, தித்திப்புப் பண்டங்கள் ஆகியவை சமைத்து அடுக்கப்பட்டிருக்கும். வேண்டியதைச் சுட்டினால் பரிமாறுபவர் தட்டில் வைப்பார். வரிசையின் முடிவில் கணக்குப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு மேஜைக்குச் செல்லலாம். நமது நகரங்களில் டோக்கன் வாங்கித் தாமே தட்டை எடுத்துச் சென்று உண்ணும் ஹோட்டல்களுக்கு வழக்கமாகச் செல்வோருக்கு இம்முறையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேஜைக்கு வந்து உபசரிக்கும் ஆட்களின் சம்பளம் மிச்சம். உண்பவருக்கு இனாம் கொடுக்கும் செலவு மிச்சம். எதிரில் இருப்பதைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளும் திருப்தியும் உண்டு. குழந்தைகளோடு வரும் குடும்பத்தாரும், மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை முடிந்து வருவோரும், தனித்து வாழும் முதியவர்களும் இதனை மிகவும் விரும்பினர்.

மிஸ்டர் ராபர்ட் லூபி என்பவரும் அவருடைய உறவினர் மிஸ்டர் சார்லஸ் ஜான்ஸ்டன் என்பவரும் சேர்ந்து 1947-ம் வருஷம் ஸான் அன்டோனியோ நகரில் தங்கள் கடையைத் திறந்தனர். மிஸ்டர் லூபியின் தகப்பனார் 1911-ம் வருஷத்திலேயே மிஸௌரி மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் இத்தகைய கடை நடத்தியவர். ஆகவே தொழில் அவருக்குப் பரம்பரையாக வந்தது. 1973-ம் வருஷம் கம்பெனி பொது ஜனங்களுக்குப் பங்கு விற்றது. 1982-ல் நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் இடம் பெற்றது. 1990-ஐ அடுத்த வருஷங்களில் அதன் கடைகள் 200-க்கு மேல் பெருகின.

இந்த வளர்ச்சிக்குக் காரணங்கள் இருந்தன. கடையின் மானேஜருக்கு வெறும் சம்பளம் மட்டும் அல்ல, அக்கடை ஈட்டிய லாபத்தில் ஒரு பாகமும் கிடைத்தது. எதை வாங்குவது, எதைச் சமைப்பது என்பவற்றிலும் அவருக்குப் பெரும் அளவு சுதந்திரம் இருந்தது. நீண்ட காலம் பயிற்சி பெற்ற பின்னரே ஒருவர் அப்பதவியை அடைய முடியும். தன் கடை என்ற உணர்ச்சியோடு உழைப்பவர் இருக்கும் இடத்தில் சமையலறை சுத்தமாகவும் சரக்கு வீணாகாமலும் இருக்கும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். அன்றியும், கடைகள் பலவற்றின் மனையும் கட்டடமும் கம்பெனிக்கே சொந்தம். டெக்ஸாஸ் நகரங்களோ நாளுக்கு நாள் விரிந்து சென்றன. அந்நாளில் இப்பங்கை வாங்கியவர்களை அறிவிலிகள் என்று யாரும் கூற முடியாது.

ஆயினும் இத்தொழிலின் அமைப்பிலேயே ஒரு பலவீனம் இருந்தது. நல்ல காலத்தில் அது கண்ணுக்குப் புலப்படவில்லை. சாதாரண ஹோட்டலில் ஆள் வந்து கேட்ட பின் சமைக்கலாம். காபெடீரியாவிலோ ஆள் வருமுன் மேடை நிறைந்திருக்க வேண்டும். பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் அத்தனை பண்டங்களும் வேண்டும். அத்தனை சமையற்காரர்களும் பரிமாறுபவர்களும் வேண்டும். பெரிய கூடமும் வேண்டும். அதாவது, செலவில் பெரும் பகுதி வருமானத்தோடு குறைவதில்லை.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். கடை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். சரக்குச் செலவு 300, சம்பளம், விளக்கு, அடுப்பு, வரி முதலிய நிலைச் செலவு 600, லாபம் 100. இப்பொழுது வருவோரில் பத்தில் ஒருவர் வராமற்போனால் வருமானம் 900 ஆகும். சரக்குச் செலவு 270-க்கு இறங்கும். நிலைச் செலவு 600-லேயே நிற்கும். லாபம் 30. பத்தில் ஒருவர் குறைந்தால் லாபத்தில் பத்தில் ஏழு பங்கு பறந்துவிடுகிறது! அப்பொழுதும் அக்கடைக்குள் நுழைந்து பார்ப்பவருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உண்டுகொண்டிருக்கும் காட்சியே தென்படும். கூட்டத்தைப் பார்த்துப் பங்கு வாங்குவதில் உள்ள அபாயம் இதுவே.

அந்தப் பத்தில் ஒருவர் எங்கே போனார்? பல திக்குகளில் போனார். அவசரமாக உண்ண வேண்டியவர் மோட்டாரை விட்டு இறங்காமலே பொட்டலம் வாங்கும் கடைக்குச் சென்றார். வயிறு நிறைய உண்ண விரும்பியவர், ஒரே விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்று அறிவித்த கோல்டன் கோரல் போன்ற கடைகளுக்குச் சென்றார். சற்று உல்லாசமாகப் பொழுதுபோக்க விரும்பியவர், 1975-ல் டல்லஸ் நகரில் தோன்றிய சில்லீஸ் போன்ற மேஜை உபசாரமுள்ள கடைகளை நாடினார். வீட்டுச் சமையலைப் போன்ற உணவு வேண்டும், ஆனால் சமைக்க நேரமில்லை என்றவர், பலசரக்கு அங்காடிகளிலேயே சமைத்து வைத்த பண்டங்களை வாங்கிச் செல்லலானார். ஸான் அன்டோனியோவையே தலைமை ஸ்தானமாகக் கொண்ட ஹெச்.இ.பி. என்னும் பெரிய அங்காடிக் கம்பெனி லூபீஸுக்கு அண்டை வீட்டுப் போட்டியாக விளங்கியது.

இவை யாவற்றிலும் கவனிக்க வேண்டியது 1993-ல் டென்வர் நகரில் தொடங்கிய சிபோட்லே என்னும் கடையின் உதாரணம். அங்கும் ஜனங்கள் வரிசையில்தான் நிற்கின்றனர். எதிரே உள்ள பண்டங்களைச் சுட்டிக் காட்டித்தான் வாங்குகின்றனர். முடிவில்தான் பணம் கொடுக்கின்றனர். காபெடீரியாவின் முறையே அது. ஆனால் மேடையில் இருப்பவை ஒரு சில பண்டங்கள் மட்டுமே. அவற்றையே பலவாறு சேர்த்துக் கொடுக்கின்றனர். இடமும் சிறியது. ஆகவே, ஜனங்களுக்கு வரிசை சலித்துவிட்டது என்று லூபீஸின் வீழ்ச்சிக்குக் காரணம் கூறுவது பொருந்தாது. அந்த முறையில் எது ஜனங்களுக்கு வேண்டியதோ அதை வைத்துக்கொண்டு, எது செலவை ஏற்றியதோ அதைக் கழித்துவிட்டான் புதிய போட்டியாளன். பழைய கடையால் அவ்வாறு கழிக்க முடியவில்லை. அதனிடம் பழகிய முதியவர்கள் வந்தது அந்தப் பலவகைப் பண்டங்களுக்காகவே அன்றோ?

இது லூபீஸ் நிர்வாகிகளின் தவறு மட்டும் அல்ல என்பதற்குச் சாட்சியம் உண்டு. 1920-ல் அலபாமாவில் பிறந்த மாரிஸன் கம்பெனியை லூஸியானாவின் பிக்காடில்லி கம்பெனி 1998-ல் விலைக்கு வாங்கியது. இரு பெரும் போட்டியாளர்கள் ஒன்றானதால் பலம் பெருகும் என்று எதிர்பார்த்தனர். 2003-ல் பிக்காடில்லி திவால் நீதிமன்றத்தை நாடியது. நியூமெக்ஸிகோவில் 1946-ல் தொடங்கிய பர்ஸ் கம்பெனியும் அதே 2003-ல் திவால் மனுச் செய்தது. ஒரே தொழிலில் உள்ள பெரிய கம்பெனிகள் ஒரே காலத்தில் தள்ளாடும்பொழுது, நோய் தொழிலில் உள்ளது என்று கருதுவதே அறிவுடைமை.

முதல் போடுவோர் இங்கேதான் தவறான கணக்குப் போடுகின்றனர். போட்டியாளர்கள் வீழ்ந்துவிட்டால் மிஞ்சியிருப்பவனுக்கு வியாபாரம் முழுவதும் வந்து சேரும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். மற்றவை திவாலான பின்னும் லூபீஸ் நிலைத்து நின்றது உண்மை. ஆனால் அவற்றை விட்டுச் சென்ற ஜனங்கள் இங்கு வந்து சேரவில்லை. லூபீஸின் மெய்யான போட்டியாளர் பர்ஸும் அல்ல, பிக்காடில்லியும் அல்ல. அவசரக் கடையும் அங்காடியுமே. இறங்கும் குளத்தில் மற்ற மீன்கள் மாண்டதால், மிஞ்சிய மீனுக்குத் தண்ணீர் அதிகமாகிவிடுமா?

2000-ம் வருஷத்தில் கம்பெனி பங்குதாரர்களுக்குக் கொடுத்துவந்த டிவிடெண்டை நிறுத்தியது. 2001-ல் ஹூஸ்டன் நகரத்தில் சொந்தப் போஜனசாலைகள் பல நடத்திப் பெயர் பெற்ற பாப்பாஸ் சகோதரர்கள் நிர்வாகத்தை ஏற்றனர். அவர்கள் வெறுங்கையோடு வந்தவர்கள் அல்லர். தங்கள் சொந்தப் பணம் 1 கோடி டாலரைக் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்தனர்; பின்னர் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு உரியவர்களாகவும் ஆயினர். நஷ்டம் தரும் கடைகளை மூடினர். கடன் சுமையைக் குறைத்தனர். இதற்காக அவர்களைப் பாராட்டவே வேண்டும்.

அதன் பின் செய்ததே விவாதத்துக்கு உரியது. 2010-ல் பட்ரக்கர்ஸ் என்னும் ஹாம்பர்கர் கடைகளை 6 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு வாங்கினர். 2012-ன் இறுதியில் சீஸ்பர்கர் இன் பாரடைஸ் என்ற வேறொரு வரிசைக் கடைகளையும் வாங்கினர். பழைய தொழில் சுருங்குகிறது, ஆகையால் புதிய தொழில் ஒன்றில் கால் ஊன்றுவோம் என்பது அவர்கள் வாதம். கொள்கை அளவில் இது பிழையன்று. ஆனால் வாங்கப்பட்ட பட்ரக்கர்ஸே தன் பழைய சொந்தக்காரரின் திவாலிலிருந்து ஏலத்துக்கு வந்த சரக்கு. ஹாம்பர்கர் தொழிலோ அமெரிக்காவில் போட்டி மிகக் கடுமையான தொழில்களில் ஒன்று. இரண்டாவதாக வாங்கிய கடைகளில் பெரும்பாலானவை சில வருஷங்களில் மூடப்பட்டன, அல்லது பட்ரக்கர்ஸ் கடைகளாக மாற்றப்பட்டன. நோயாளி ஒருவன், தன்னைப்போலவே நோயுற்ற மற்றொருவனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மலையேறப் புறப்பட்ட கதையாயிற்று இது. 2018-ம் வருஷ முடிவில், பழைய கடனைத் தீர்ப்பதற்காக மைக்கேல் டெல் என்ற தனவந்தரின் முதலீட்டு ஸ்தாபனத்தோடு சேர்ந்த ஒரு நிதியிடம் 8 கோடி டாலர் வரையில் புதிய கடன் ஏற்பாடு செய்ய நேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவில், கம்பெனியின் ஐந்தொகையைப் படித்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டனர். அமெரிக்கக் கணக்கு முறைப்படி மனை வாங்கிய அசல் விலையிலேயே புத்தகத்தில் நிற்கும். ஐம்பது வருஷமாக வளர்ந்துவந்த நகரங்களின் நல்ல சாலைகளில் பல வருஷங்களுக்கு முன் வாங்கிய மனைகளின் மதிப்போ பன்மடங்கு உயர்ந்திருந்தது. சமையல் நஷ்டம் தந்தது. சமையலறை நின்ற தரை லாபம் தந்தது! பங்கின் விலையோ அந்தத் தரையின் மதிப்பைவிடக் குறைவாகவே இருந்தது. அப்படியானால் பங்கை வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். பலர் அவ்வாறே வாங்கினர்.

ஆனால் மனையை விற்கும் அதிகாரம் சிறு பங்குதாரரிடம் இல்லை. டைரக்டர் போர்டிடம் இருக்கிறது. நஷ்டத்தில் ஓடும் கடையை நடத்துவதற்காக அவ்வப்போது ஒரு மனையை விற்று அந்தப் பணத்தைச் செலவிட்டால், மதிப்பு இருக்கிறது என்று பங்குதாரர் காத்திருக்கும் ஒவ்வொரு வருஷமும் அம்மதிப்பு கரைந்துகொண்டே போகும். இதனைக் கண்டித்துப் பங்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பாகத்தை வைத்திருந்த பண்டேரா என்னும் முதலீட்டு ஸ்தாபனம் போர்டில் மாறுதல் வேண்டும் என்று கிளர்ச்சி செய்தது. முன்னாள் ஸெனட்டர் பில் கிராமும் அவர்கள் நிறுத்திய அபேக்ஷகர்களில் ஒருவர். 2019 ஜனவரியில் நடந்த வருஷாந்தரக் கூட்டத்தில் அவர்கள் தோற்றனர். நிர்வாகத்தாரே வென்றனர்.

இரண்டு வருஷம் கழிவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. 2020-ல் கொரோனா நோய் பரவியபொழுது, வரிசையில் நின்று பொது மேடையில் உணவு பெறும் கடைகளுக்கு நேர்ந்த கதியைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வருஷம் செப்டம்பரில் கம்பெனியின் போர்டே கம்பெனியைக் கலைத்துச் சொத்துக்களை விற்றுப் பங்குதாரருக்குப் பகிர்ந்து கொடுக்கும் திட்டத்தை வெளியிட்டது. பங்கு ஒன்றுக்கு 3 முதல் 4 டாலர் வரையில் கிடைக்கலாம் என்று மதிப்பிட்டது. அவ்வறிவிப்புக்கு முன் மார்க்கெட்டில் பங்கின் விலை அதைவிட மிகக் குறைவாக இருந்தது. நடக்கும் கம்பெனியைவிட நடக்காத கம்பெனிக்கே மதிப்பு அதிகம் என்பதை நிர்வாகமே ஒப்புக்கொண்டது போலாயிற்று. நவம்பரில் பங்குதாரர்கள் சம்மதம் அளித்தனர். 2021-ல் லூபீஸ் என்ற பெயரும் 32 கடைகளும் சுமார் 2 கோடியே 87 லக்ஷம் டாலர் மதிப்பில் சிகாகோ வியாபாரி ஒருவரின் ஸ்தாபனத்துக்கு விற்கப்பட்டன. பட்ரக்கர்ஸும் வேறொருவர் கைக்குப் போயிற்று. மனைகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன.

இதில் லாபம் அடைந்தவர் யார், நஷ்டம் அடைந்தவர் யார்? அறிவிப்புக்குச் சற்று முன் மலிவாக வாங்கியவர் லாபம் அடைந்தார். நல்ல காலத்தில் கடையின் பெருமையை நம்பி வாங்கி, பிள்ளைகளுக்கென்று பத்திரமாக வைத்திருந்தவர், டிவிடெண்டும் நின்று போய், முதலில் பெரும் பகுதியையும் இழந்தார். மூடிய கடைகளில் வருஷக்கணக்காகப் பரிமாறியவர்கள் வேலை இழந்தனர். தனித்து வாழ்ந்த முதியவர் பகல் உணவுக்குச் சென்றுவந்த இடத்தை இழந்தார். பங்குக்கு மூன்று டாலரா நான்கு டாலரா என்ற கணக்கில் இவர்களுக்கு இடமில்லை. நிர்வாகத்தார் கடைகளை விற்கத் தயங்கியதற்கு இவர்களைப் பற்றிய எண்ணமும் ஒரு காரணமாக இருந்திருக்குமானால், அதனை நாம் இகழ மாட்டோம். ஆனால் அந்தத் தயக்கத்தின் செலவைச் சிறு பங்குதாரரிடம் சொல்லாமலே அவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. காபெடீரியா என்பது சீர்குலைந்த தொழில் என்று நாம் சொல்ல வரவில்லை. லூபீஸ் என்ற பெயர்ப்பலகை டெக்ஸாஸில் மறைந்துவிடவில்லை. எண்ணிக்கையைச் சுருக்கி, செலவை அடக்கி, சொந்தக்காரர் கண்பார்வையில் நடத்தினால் அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றக் கூடும். ஆயிரக்கணக்கான பங்குதாரர்களுக்கு வருஷந்தோறும் வளரும் லாபம் தருவது வேறு விஷயம்.

நமது தேசத்தில் உணவுக் கம்பெனிகளின் பங்கை வாங்குவோர் இவ்வரலாற்றிலிருந்து கற்க வேண்டியது அதிகம் இல்லை. ஆனால் கற்பதை மறவாமல் கற்க வேண்டும். கடையில் கூட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அக்கூட்டத்தில் பத்தில் ஒருவர் குறைந்தால் லாபம் என்ன ஆகும் என்று கணக்கிட வேண்டும். அதே வகையான எதிர்க்கடையை மட்டும் போட்டியாளனாக எண்ணாமல், அந்த வேளைப் பசியைத் தீர்க்கக் கூடிய வேறு வழிகள் எவை என்று யோசிக்க வேண்டும். வீட்டு வாசலில் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடுகள் பெருகிய இக்காலத்தில் நமது நகரங்களில் இக்கேள்வி மிகவும் அவசியம். கம்பெனி கடைகளைப் பெருக்கும்பொழுது, பழைய கடைகளின் வருமானம் தனித்து வளர்கிறதா, புதிய கடைகளைச் சேர்ப்பதால் மொத்தம் மட்டும் வளர்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொழில் தளரும்பொழுது மிஞ்சும் சொத்து எது, அதை விற்கத் தீர்மானிப்பவர் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இக்கேள்விகளைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வருஷாந்தர அறிக்கையைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கமும், கூட்டத்துக்கு வரும் நோட்டீஸைக் குப்பையில் போடாமல் தமது வாக்கைச் செலுத்தும் பழக்கமும் போதும். பங்குதாரர் என்பவர் கம்பெனியின் சொந்தக்காரர். அதன் வாடிக்கைக்காரர் மட்டும் அல்லர். நமது ஜனங்கள் பாடுபட்டுச் சேர்த்த பணம் நமது தேசத்துத் தொழில்களில் முதலாக இறங்குவதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். அந்தப் பணத்தின் சொந்தக்காரர்கள் ருசியை மட்டும் நம்பாமல் ஐந்தொகையையும் படித்த பின்னரே பங்கு வாங்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.